தப்பான விடையே துப்பு: நாற்கர, பலகோணக் கணக்குகளில் பிழை பிடிக்கும் வழி

கோணக் கணக்கில் விடை ஒத்துவரவில்லை என்றதும் பிள்ளைகளின் கை ரப்பரைத் தேடுகிறது. எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடியும் தொடங்குகிறார்கள். அதே இடத்தில் அதே தப்பைச் செய்து அதே விடைக்கு வந்து சேருகிறார்கள். அழிக்க வேண்டாம். தப்பான விடையைத்தான் முதலில் உற்றுப் பார்க்க வேண்டும். கூட்டல் கழித்தலில் கை தவறினால் விடை 1, 2, 10 என்ற அளவில் நகரும். வடிவத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டால் 180, 360 என்று பெரிதாக நகரும். எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தாலே எங்கே இடறியது என்பது தெரிந்துவிடும்.

மதுரையில் எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளைத் திருத்துவது என் வேலை. வடிவியலில் பிழைகள் ஆயிரம் இருப்பதுபோலத் தோன்றும். வகை பிரித்தால் ஒரு கைப்பிடிதான் தேறும். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும் இது உதவும். உங்கள் நோட்டில் தெரியும் அறிகுறி எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

கூட்டிப் பார்த்தால் மொத்தம் சரியாக வரவில்லை

கண்டுபிடித்த கோணத்தையும் கொடுத்த கோணங்களையும் சேர்த்துக் கூட்டுங்கள். முக்கோணத்துக்கு 180°, நாற்கரத்துக்கு 360°, ஐங்கோணத்துக்கு 540°, அறுகோணத்துக்கு 720°, எண்கோணத்துக்கு 1080° வர வேண்டும். ஒரு பக்கம் கூடினால் 180° கூடும். பக்கங்களின் எண்ணிக்கையில் 2 கழித்து 180 ஆல் பெருக்குவது என்ற வாய்பாட்டை எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அந்த 2 எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடுகிறது.

ஒரு முனையில் நின்றுகொண்டு மற்ற முனைகளுக்குக் கோடு இழுத்துப் பாருங்கள். பக்கத்து முனைகள் இரண்டுக்கும் ஏற்கெனவே பக்கங்கள் இருக்கின்றன. புதிதாக இழுக்க ஒன்றுமில்லை. மிச்சமுள்ள முனைகளுக்கு மட்டும் மூலைவிட்டம் இழுக்கலாம். ஐங்கோணத்தில் இரண்டு மூலைவிட்டங்கள், மூன்று முக்கோணங்கள். நீங்கள் நிற்கும் முனையைத் தொடும் இரண்டு பக்கங்களைத் தவிர, மற்ற ஒவ்வொரு பக்கமும் ஒரு முக்கோணத்துக்கு அடிப்பக்கமாகிறது. விட்டுப்போன அந்த இரண்டு பக்கங்கள்தான் வாய்பாட்டில் உள்ள 2.

இப்போது பிழைக்கு வருவோம். ஐங்கோணத்தின் நான்கு கோணங்கள் 110°, 95°, 120°, 105°. கூட்டினால் 430°, ஐந்தாவது 110°. ஒரு நோட்டில் 290° என்று இருக்கிறது. 180 அதிகம். 2 கழிப்பதற்குப் பதில் 1 கழித்து, மொத்தத்தை 720 என்று எடுத்திருக்கிறார்கள். இன்னொரு நோட்டில் 470° என்று இருக்கிறது. 360 அதிகம். உருவத்துக்கு நடுவே ஒரு புள்ளி வைத்து, ஐந்து முனைகளுக்கும் கோடு போட்டு, ஐந்து முக்கோணம் என்று 900 எடுத்திருக்கிறார்கள். நடுப்புள்ளியைச் சுற்றியுள்ள 360° பலகோணத்தின் கோணமே அல்ல. அதைக் கழித்திருந்தால் அந்த வழியும் சரியான வழிதான்.

நாற்கரத்தில் இதே பிழை வேறு வேடத்தில் வரும். இரண்டு மூலைவிட்டங்களையும் போட்டுவிட்டு, நான்கு முக்கோணங்கள் தெரிகின்றன, எனவே 720 என்பார்கள். கோடுகள் வெட்டும் இடத்தில் இருக்கும் 360° யார் கணக்கில் சேரும் என்று கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த ஒரு கேள்வியே போதும்.

மொத்தம் 3, 7, 20 என்று சில்லறையாக இடித்தால் வடிவத்தில் பிழை தேட வேண்டாம். கூட்டலைப் பாருங்கள்.

எக்ஸ் சரியாக வந்தது, ஆனால் மதிப்பெண் வரவில்லை

கேள்வியை மறுபடி படியுங்கள். நாற்கரத்தின் கோணங்கள் 2எக்ஸ் + 10, 3எக்ஸ் − 20, எக்ஸ் + 40, எக்ஸ் + 50. கூட்டினால் 7எக்ஸ் + 80 = 360; எக்ஸ் = 40. கேட்டது மிகப்பெரிய கோணம், விடை 100°. நோட்டில் 40 என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருக்கும்.

விடை பின்னமாக வருகிறது, அல்லது கோணங்கள் ஒன்றோடு ஒன்று முரண்படுகின்றன

இது பெரும்பாலும் இணைகரத்தில் வரும் நோய். இணைகரத்தில் எதிர்க்கோணங்கள் சமம். அடுத்துள்ள கோணங்களின் கூடுதல் 180°. இந்த இரண்டு விதிகளும் பிள்ளைகளுக்குத் தெரியும். எந்த ஜோடிக்கு எந்த விதி என்பதில்தான் இடம் மாறிப்போகிறது.

ஏபிசிடி என்ற இணைகரத்தில் கோணம் ஏ = 3எக்ஸ் + 20, கோணம் சி = 5எக்ஸ் − 30. இரண்டும் எதிரெதிர்; சமப்படுத்தினால் எக்ஸ் = 25, இரண்டு கோணமும் 95°. கூட்டி 180 என்று வைத்தவருக்கு எக்ஸ் = 23.75 வரும், ஏ 91.25°, சி 88.75°. எதிரெதிரே உள்ள இரண்டும் சமமாக இல்லையே, பிறகு அது எப்படி இணைகரம்?

மறுபக்கம்: கோணம் ஏ = 4எக்ஸ் + 15, கோணம் பி = 2எக்ஸ் + 45. இவை அடுத்துள்ளவை. கூட்டினால் எக்ஸ் = 20; 95°, 85°. சமப்படுத்தியவருக்கு எக்ஸ் = 15; இரண்டும் 75°. இங்கே பின்னம் வரவில்லை, விடை அழகாகவே இருக்கிறது, அதனால்தான் ஆபத்து. நான்கு கோணங்களையும் எழுதிக் கூட்டினால் 300° தான் வரும். அப்போது குட்டு வெளிப்பட்டுவிடும்.

இரண்டு தப்பும் பிறப்பது முனைகளுக்குப் பெயர் வைக்கும்போதுதான். ஏபிசிடி என்றால் சுற்றி வரும் வரிசை அது. ஏ-யில் தொடங்கி ஓரமாகவே நடந்தால் பி, சி, டி என்று வந்து மறுபடி ஏ-யில் முடிய வேண்டும். படம் கொடுக்காத கேள்விகளில் பல பிள்ளைகள் மேல் வரிசையில் ஏ, பி என்றும் கீழ் வரிசையில் சி, டி என்றும் இடமிருந்து வலமாக, வாக்கியம் எழுதுவதுபோல எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஏ-க்கு நேர் கீழே சி வந்து நின்று, எதிர்முனை அடுத்த முனையாகிவிடும். அதன்பிறகு எத்தனை விதி தெரிந்தும் பயனில்லை. கணக்கைத் திருத்துவதற்கு முன் படத்தில் விரல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள்.

பின்னம் வந்தாலே தப்பு என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஒழுங்கு எழுகோணத்தின் உட்கோணம் 900-ஐ 7 ஆல் வகுத்தது. அது முழு எண்ணாக வரவே வராது.

110 வர வேண்டிய இடத்தில் 70 வருகிறது

உங்கள் விடையும் சரியான விடையும் கூட்டினால் 180 வருகிறதா? அப்படியானால் உட்கோணத்துக்குப் பதில் வெளிக்கோணத்தையோ, வெளிக்கோணத்துக்குப் பதில் உட்கோணத்தையோ எழுதிவிட்டீர்கள். வெளிக்கோணம் என்று நீங்கள் எழுதியதையும் உட்கோணத்தையும் கூட்டினால் 360 வருகிறது என்றால் இன்னும் ஒரு படி ஆழமான குழப்பம்: வெளிக்கோணம் என்பது உட்கோணத்தைச் சுற்றி வெளியே கிடக்கும் மிச்சம் முழுவதும் என்று நினைத்திருக்கிறீர்கள்.

இதை நான் மாசி வீதிகளை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். மதுரைப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது. சித்திரைத் திருவிழாவில் தேர் கீழமாசி வீதித் தேரடியில் புறப்பட்டு, தெற்குமாசி, மேலமாசி, வடக்குமாசி வீதிகள் வழியாக வந்து மறுபடி நிலைக்குச் சேர்கிறது. நேர்வீதியில் தேரைத் திருப்ப வேண்டியதில்லை. முனை வந்ததும் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து, வடத்தை வேறு பக்கம் இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புகிறார்கள். முன்பு போய்க்கொண்டிருந்த திசையிலிருந்து தேர் எவ்வளவு திரும்பியதோ அதுதான் அந்த முனையின் வெளிக்கோணம். முனையில் இரண்டு வீதிகளுக்கு இடையே உள்ள உட்கோணம் 95° என்றால் தேர் திரும்பியது 85°. வந்த வீதியை அப்படியே நேராக நீட்டிக் கோடு போட்டால், அந்த நீட்டிய கோட்டுக்கும் புதிய வீதிக்கும் இடையே இருப்பது அந்த 85° தான். 265° திரும்பியது என்று எழுதுபவர், தேர் கிட்டத்தட்ட முக்கால் சுற்று இருந்த இடத்திலேயே சுழன்றது என்கிறார். வடம் பிடித்த யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இதிலேயே இன்னொரு விதியும் கிடைத்துவிடுகிறது. நிலைக்கு வந்து நின்ற தேர், புறப்பட்டபோது பார்த்த திசையையே மறுபடி பார்க்க வேண்டுமானால் மொத்தத்தில் ஒரே ஒரு முழுச் சுற்று திரும்பியிருக்க வேண்டும். ஆகவே வெளிக்கோணங்களின் கூடுதல் 360°. நான்கு முனைகள் இருந்தாலும் சரி, நாற்பது முனைகள் இருந்தாலும் சரி, முனைகள் ஒன்றுக்கொன்று சமமாக இல்லாவிட்டாலும் சரி. உட்கோணங்களின் கூடுதல் பக்கம் கூடக் கூட வளரும். வெளிக்கோணங்களின் கூடுதல் வளராது. ஒழுங்குப் பலகோணக் கணக்குகளில் எப்போதும் வெளிக்கோணத்தின் வழியாகப் போங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். உட்கோணம் 150° என்றால் வெளிக்கோணம் 30°. 360-ஐ 30 ஆல் வகுத்தால் 12 பக்கங்கள். ஒரே வரி. உட்கோணம் 155° என்று கொடுத்திருந்தால் 360-ஐ 25 ஆல் வகுத்து 14.4 வரும், அப்படி ஓர் ஒழுங்குப் பலகோணம் இல்லை. 14.4 பக்கம் உள்ள உருவத்தை யாரும் வரைய முடியாது. விடையை 14 என்று முழுதாக்கிவிடாதீர்கள். கோணத்தைச் சரியாகப் படித்தீர்களா என்று பாருங்கள்.

சரிவகத்திலும் இந்த 70–110 குழப்பம் வரும். ஏபி, டிசி இரண்டும் இணை என்றால் ஏ-யும் டி-யும் சேர்ந்து 180°, பி-யும் சி-யும் சேர்ந்து 180°. அதாவது சாய்ந்த பக்கம் ஒவ்வொன்றின் இரு முனைகளும் ஒரு ஜோடி. ஏ-யையும் பி-யையும் கூட்டி 180 என்று எழுதுபவர் இணைப் பக்கத்தின் இரு முனைகளை ஜோடியாக்கிவிட்டார். ஏ 65°, பி 70° என்றால் டி 115°, சி 110°, அவ்வளவுதான்.

"சார், பார்த்தாலே தெரிகிறதே, 90தான்"

தெரியாது, தம்பி. புத்தகப் படத்தில் சதுரக்குறி போட்டிருந்தால் 90. போடவில்லை என்றால் கண்ணுக்கு எப்படித் தெரிந்தாலும் 90 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விளக்குத்தூண் பக்கம் நின்று பார்த்தால் கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் செங்குத்தாகச் சந்திப்பதாகத்தான் தோன்றும். நகர வரைபடத்தை விரித்து மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். கோயிலைச் சுற்றிய அந்த வீதிகள் நூல் பிடித்த செவ்வகங்கள் அல்ல.

இந்த நோய் முற்றும் இடம், மூலைவிட்டங்கள் வெட்டிக்கொள்ளும் புள்ளி. செவ்வகத்தின் நான்கு மூலையிலும் 90° இருப்பதால் நடுவிலும் 90° இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. செவ்வகத்தில் மூலைவிட்டங்கள் ஓ-வில் வெட்டுகின்றன. கோணம் ஓஏபி 35°. கோணம் ஏஓபி என்ன? மூலைவிட்டங்கள் சம நீளம், ஒன்றையொன்று பாதியாக வெட்டுகின்றன. எனவே ஓஏ-யும் ஓபி-யும் சமம். முக்கோணம் இருசமபக்கம். கோணம் ஓபிஏ-யும் 35°, மிச்சம் 110°. சாய்சதுரத்தில் அதே 35° கொடுத்திருந்தால் கதை வேறு: அங்கேதான் நடுவில் 90° உண்டு, எனவே ஓபிஏ 55°. சதுரம் இரண்டு குணத்தையும் சேர்த்து வைத்திருப்பதால் குழப்பத்தின் மூலகாரணம் அதுதான். பிள்ளைகள் முதலில் பழகும் நாற்கரம் சதுரம். அதன் பண்புகளை மற்ற எல்லா நாற்கரங்களுக்கும் தானம் செய்துவிடுகிறார்கள்.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டியது. கரையில் உட்கார்ந்து பார்ப்பவருக்குச் சதுரம். நீளம் சுமார் 305 மீட்டர், அகலம் சுமார் 290 மீட்டர், மூலைகள் செங்கோணம் என்று வைத்துக்கொண்டு, மூலைக்கு மூலை கயிறு கட்டியதாக நினைத்தால், நடுவே அந்தக் கயிறுகள் 90 பாகையில் வெட்டாது. ஒருபக்கம் 87°, மறுபக்கம் 93° அளவில் வெட்டும். கண்ணுக்கு அந்த மூன்று பாகை தெரியாது.

வட்டத்துக்குள் இருக்கும் நாற்கரம், ஆனால் 180 விதி பொய்க்கிறது

ஒன்பதாம் வகுப்பில் வட்ட நாற்கரம் படித்த கையோடு, வட்டத்துக்குள் எந்த நாற்கரத்தைப் பார்த்தாலும் எதிர்க்கோணங்களைக் கூட்டி 180 என்று எழுதும் பழக்கம் வந்துவிடும். விதிக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: நான்கு முனைகளும் வட்டத்தின் மேல் இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் போதாது.

ஓ வட்டமையம், ஏ, பி, சி மூன்றும் வட்டத்தின் மேல், ஓஏபிசி ஒரு நாற்கரம். கோணம் ஏஓசி 130°. கோணம் ஏபிசி என்ன? நோட்டுகளில் 50° என்று வரிசையாக இருக்கும். மையம் எப்படி வட்டத்தின் மேல் இருக்கும்? வட்டத் தேற்றம் எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றாலும் ஆரங்களை வைத்தே தப்பிக்கலாம். ஓபி என்று ஒரு கோடு போடுங்கள். ஓஏ, ஓபி, ஓசி மூன்றும் ஆரங்கள், எனவே இரண்டு இருசமபக்க முக்கோணங்கள். ஏ-யில் உள்ள கோணம் பி-யின் ஒரு துண்டுக்குச் சமம். சி-யில் உள்ளது மற்றத் துண்டுக்குச் சமம். ஆகவே ஏ-யும் சி-யும் சேர்ந்து பி. நாற்கரத்தின் மொத்தம் 360: 130-உம் இரண்டு மடங்கு பி-யும். பி = 115°. படத்தைப் பார்த்தாலும் பி-யில் உள்ளது விரிகோணம் என்பது தெரியும். 50 என்று எழுதிய பேனா சற்று நின்றிருக்க வேண்டும்.

மொத்தம் 360-க்கு மிகவும் குறைவாக வருகிறது

அம்புமுனைபோல உள்ளே மடங்கிய குழிவு நாற்கரமாக இருக்கும். மூன்று கோணங்கள் 30°, 40°, 35°. மடங்கிய முனையில் வெளிப்பக்கம் தெரியும் 105°-ஐ எழுதியிருப்பீர்கள். மொத்தம் 210 தான் ஆகும். உட்புறக் கோணம் 255°, பின்வளை கோணம். கோணமானி 180 வரைதான் காட்டும் என்பதால் அதற்கு மேல் கோணமே இல்லை என்று கை நம்பிவிடுகிறது. அந்த 105 மற்ற மூன்று கோணங்களின் கூடுதலாக இருப்பதைக் கவனித்தீர்களா? குழிவு நாற்கரத்தில் எப்போதும் அப்படித்தான் வரும்; சரிபார்க்க வசதி.

எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை

தெரியாத கோணம் ஒன்று மட்டும் உள்ள உருவத்தைத் தேடுங்கள்: அது முக்கோணமாக இருக்கலாம், நேர்கோடாகவும் இருக்கலாம். அதை முடித்தால் பக்கத்து உருவத்தில் தெரியாதவை ஒன்று குறையும். கேட்ட கோணத்தையே முறைத்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நகராது.

சில கணக்குகளில் அப்படி ஓர் உருவமே இருக்காது. நாற்கரத்தில் சி 100°, டி 60°. ஏ, பி இரண்டின் இருசமவெட்டிகள் 'கே' என்ற புள்ளியில் சந்திக்கின்றன. கோணம் ஏகேபி என்ன? ஏ எவ்வளவு, பி எவ்வளவு என்று தனித்தனியே தேடுபவர் நோட்டின் ஓரம் வரை எழுதினாலும் கிடைக்காது. அதற்கான தகவல் கேள்வியில் இல்லை. இரண்டும் சேர்ந்து 200° என்பது போதும். பாதிகள் சேர்ந்து 100°. முக்கோணம் ஏகேபி-யில் மிச்சம் 80°. அது சி, டி இரண்டின் கூடுதலில் பாதி என்பதையும் பாருங்கள். தெரியாதவற்றைக் கட்டாகவே வைத்துக்கொள்ளத் துணிவது பத்தாம் வகுப்புக்குள் வந்துவிட்டால் பெரிய லாபம்.

தரையில் ஓடு சேரவில்லை, சந்து விழுகிறது

இது நோட்டில் வரும் அறிகுறி அல்ல, வீட்டில் வருவது. ஒரு புள்ளியைச் சுற்றி ஓடுகள் இடைவெளி இல்லாமல் கூட வேண்டுமானால் அங்கே சேரும் கோணங்களின் கூடுதல் 360° ஆக வேண்டும். அறுகோண ஓடு மூன்று சேர்ந்தால் மூன்று 120, சரியாக அடையும். எண்கோண ஓடு இரண்டு சேர்ந்தால் 270. மிச்சம் 90-க்குச் சிறிய சதுர ஓடு ஒன்று வைப்பார்கள். ஒழுங்கு ஐங்கோணம் மூன்று சேர்ந்தால் 324 தான்; 36° சந்தை எந்தக் கொத்தனாராலும் சிமெண்டுக் குழம்பில் மறைக்க முடியாது.

பழைய வீட்டு அறைகளில் சுவரோர ஓடுகளை மட்டும் கோணலாக வெட்ட வேண்டியிருந்தால் அறை மூலை செங்கோணமாக இல்லை என்று அர்த்தம். கொத்தனார் ஒரு சுவரில் 3 அடி, அடுத்த சுவரில் 4 அடி குறித்து, குறுக்கே நாடாவைப் பிடித்துப் பார்ப்பார். 5 அடி வந்தால் மூலை 90°. குறைந்தால் குறுங்கோணம், கூடினால் விரிகோணம். மூன்று மூலைகள் 89°, 92°, 88° என்று தெரிந்துவிட்டால் நான்காவதை அளக்காமலே 91° என்று சொல்லிவிடலாம். அளந்து பார்த்து 94 வந்தால் குறை அறையில் இல்லை. நான்கில் ஏதோ ஓர் அளவைத் தப்பாக எடுத்திருக்கிறார்கள். ஓடுகளை வெட்டுவதற்கு முன் நான்கு மூலைகளிலும் நாடாவை மறுபடி பிடிக்கச் சொல்லுங்கள்.